தும்பிக்கை முறித்த முனி

ஆவணி பிறந்த அன்று காலையில் காசிமாயன் ஒரு சபதம் எடுத்தான். இந்த ஜென்மத்தில் இனிக் கடப்பாரையைத் தொடுவதில்லை.

சபதம் எடுப்பது அவனுக்குப் புதிதல்ல. வெற்றிலை போடுவதில்லை என்று ஒரு தரம் எடுத்தான். அதற்குப் பிறகுதான் புகையிலையும் சேர்ந்துகொண்டது. சீட்டாடுவதில்லை என்று ஒரு தரம் எடுத்தான். பக்கத்து வீட்டு மொக்கையனின் சீட்டுக்கட்டு மழையில் நனைந்து காய்ந்துகொண்டிருந்த நாட்களில் அது அசையாமல் நின்றது. ஆனால் அதையெல்லாம் அவன் மனசுக்குள் எடுத்தான். இதை வாய்விட்டு எடுத்தான். அதுவும் பொண்டாட்டி காதில் விழ.

பொண்டாட்டி பெயர் சோலையம்மாள். அவள் அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டு, ஊதுகுழல் கையோடு திரும்பினாள்.

"என்ன சொன்னீக?"

"கடப்பாரையத் தொட மாட்டேன்னேன்." குரல் பாதிக்கு இறங்கிவிட்டது.

"அப்ப புளியந்தூரு?"

"தூரு தன்னால வரும்."

"எப்படி, நடந்தா? இல்ல பஸ்சுலயா?"

புளியந்தூர் என்று அவள் கேட்டது அவளுடைய சீதன நிலத்தில் இருந்த தூர்களை. போடியிலிருந்து குரங்கணி போகிற வழியில், மலையடிவாரத்தில் நல்ல செம்மண் பூமி. அதில் நாலு பெரிய புளியமரங்கள் இருந்தன. அவளுடைய அப்பன் மரங்களை வெட்டி விற்றுவிட்டு, நிலத்தை மகளுக்கு எழுதிவைத்துவிட்டு, நிம்மதியாகக் கண்ணை மூடினார். மரம் போய்விட்டது. அடிக்கட்டையும் வேருமாகத் தூர் நின்றுவிட்டது. "மரத்தைத் தான் வச்சுக்கிட்டு வேரை மருமகனுக்கு விட்ட மகராசன்" என்று காசிமாயன் மாமனாரை அவ்வப்போது புகழ்வான். சோலையம்மாள் தண்ணீர் எடுக்கப் போயிருக்கும்போதுதான் புகழ்வான்.

சும்மா சொல்லக்கூடாது, விஷயம் சிரிப்புக்குரியதல்ல. வருசா வருசம் ஏலக்காய் பறிப்புக்கு இரண்டு பேரும் மலையேறினார்கள். ஆயுத பூசை முடிந்ததும் ஆள் சேர்க்கக் கங்காணி வருவான். பேர் கொடுத்தால் மாசக்கணக்கில் மேலே கிடக்க வேண்டும். காலில் அட்டை, முதுகில் மூட்டை, எலும்புக்குள் குளிர். அதெல்லாம் பெரியவர்களுக்குப் பழகிவிட்டது. அவர்கள் மகள் பேச்சிக்குப் பழகவில்லை. போன வருசம் தோட்டத்தில் கூலியாட்களுக்கு விட்ட லயத்து அறையில் குழந்தை இருமிய இருமலை சோலையம்மாளால் மறக்க முடியவில்லை. தூரைப் பிடுங்கி, ஐப்பசி மழைக்கு முன்னால் வாழை வைத்துவிட்டால் மலையேற வேண்டாம். சொந்த மண்ணில் நிற்கலாம். தூர் இருந்தால் ஏர் ஓடாது. ஏர் ஓடாவிட்டால் மறுபடியும் அட்டை, குளிர், இருமல்.

இதைச் சித்திரையிலேயே சொன்னாள். காசிமாயன் வெயில் தாழட்டும் என்றான். ஆடியில் சொன்னாள். காத்து அடங்கட்டும் என்றான். இப்போது வெயிலும் தாழ்ந்து காற்றும் அடங்கிவிட்டதால், வேறு வழியில்லாமல் சபதத்துக்கு வந்திருந்தான்.

"ஏ சோலை, இது மிஷினு காலம். மனுசன் முதுகு ஒடியத் தோண்டுன காலம் வெள்ளைக்காரனோட போச்சு. உங்க அண்ணன் வச்சிருக்காகல்ல, தும்பிக்கை டிராக்டரு? ஒரே நாள்ல நாலு தூரும் மல்லாந்திரும்."

"அது வாய்க்கா தோண்ட வந்த மிஷினு. புளியந்தூரு பிடுங்க வந்ததில்ல."

"உனக்கு மிஷினப் பத்தி என்ன தெரியும்?"

"மிஷினப் பத்தித் தெரியாது. உங்களப் பத்தித் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் அடுப்பை ஊத ஆரம்பித்தாள்.

அந்தத் தும்பிக்கை டிராக்டருக்கு ஒரு கதை உண்டு. மலைமேல் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர், சுதந்திரம் வந்தும் பத்து வருசம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருவழியாகக் கப்பலேறினார். போகும்போது சாமான்களை ஏலத்தில் விட்டார். பசையுள்ளவர்கள் கண்ணாடி பீரோவும் சாப்பாட்டு மேசையும் எடுத்தார்கள். தேவாரத்திலிருந்து போயிருந்த கன்னையன், அதாவது சோலையம்மாளின் அண்ணன், ஒரு குட்டி டிராக்டரை எடுத்தான். அதன் பின்பக்கம் ஓர் இரும்புக் கை இருந்தது. தோளில் மடங்கும், முழங்கையில் மடங்கும், நுனியில் பல் வைத்த வாளி. நாலைந்து குச்சிகளைத் தள்ளி இழுத்தால் அந்தக் கை மண்ணைத் தோண்டி அள்ளி ஓரமாகக் கொட்டும். அதன் இங்கிலீஷ் பெயரைத் துரை சொல்லித்தான் கொடுத்தார். தேவாரத்துக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள், தும்பிக்கை என்று பெயர் வைத்துவிட்டார்கள். யானை இறங்கிச் சோளக்கொல்லையை மிதிக்கிற ஊர். வேறென்ன பெயர் வாயில் வரும்?

மறுநாளே காசிமாயன் தேவாரத்துக்குப் பஸ் ஏறினான்.

"மச்சான், ஒரு சின்ன வாய்க்கா" என்று ஆரம்பித்தான்.

கன்னையன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "வாய்க்காலா, தூரா?"

"வாய்க்காதான். தண்ணி போறதுக்கு."

"வாய்க்கால்ல தண்ணிதான் போகும் மாப்ளே. அதச் சொல்ல வேண்டியதில்ல." கன்னையன் டிராக்டரின் முதுகைத் தடவிக்கொடுத்தான். "நல்லாக் கேட்டுக்கங்க. இந்தக் கை மண்ணுக்கு. மரத்துக்கு இல்ல. வேருல மாட்டி இழுத்தா ஒண்ணு வேரு வரணும், இல்லாட்டி கை வரணும். புளிய வேரு வராது."

"தூரப் பத்தி நான் பேசவே இல்லையே மச்சான்."

"அதான் நான் பேசுறேன். ஓட்டத் தெரியுமா?"

"என்ன இப்படிக் கேட்டுப்புட்டீக? எஸ்டேட்டுல ஜீப்பே ஓட்டியிருக்கேன்."

எஸ்டேட்டில் ஜீப்பை அவன் தள்ளியிருக்கிறான். தள்ளினபோது அது ஓடவும் செய்தது. அந்தக் கணக்கில் சொன்னான்.

தங்கச்சி புருசன் வாசலில் வந்து நின்று கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. கன்னையன் தானே டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து நிலத்தில் நிறுத்தினான். பொழுது சாயும்வரை கூட இருந்து எந்தக் குச்சி எதற்கு என்று சொல்லிக்கொடுத்தான். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். பஸ் ஏறும்போதுகூட ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மாப்ளே, தூரு..." என்றான். பஸ் கிளம்பிவிட்டது.

முதல் நாள் காசிமாயன் உண்மையிலேயே வாய்க்கால் தோண்டினான். வாக்குக் கொடுத்த மனுசன் அல்லவா. வாய்க்கால் கொஞ்சம் வளைந்துதான் போனது. மண்ணுக்குள் ஒரு சாரைப்பாம்பு போன தடம் மாதிரி இருந்தது. ஆனாலும் மண் வந்தது. வேடிக்கை பார்க்க நின்ற ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். மொக்கையன் வரப்பில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, "அண்ணே, நீங்க மலையில மூட்டை தூக்க வேண்டிய ஆளே இல்லண்ணே" என்றான். அந்த ஒரு வார்த்தை போதுமே. காசிமாயனுக்கு நெஞ்சு ஒரு சாண் அகன்றுவிட்டது.

இரண்டாம் நாள் டிராக்டரைத் திருப்பி, நாலு தூரிலும் பெரிய தூரை நோக்கிப் பின்புறமாகக் கொண்டுபோய் நிறுத்தினான்.

"அண்ணே, சின்னதுல ஆரம்பிக்கலாம்ல?" என்றான் மொக்கையன்.

"ஆனையப் பிடிக்க வந்தவன் பூனையப் பிடிப்பானா?"

தும்பிக்கையை இறக்கினான். வாளியின் பல்லை ஒரு வேருக்கு அடியில் மாட்டினான். அந்த வேரே ஓர் ஆள் தொடை கனம் இருந்தது. குச்சியை இழுத்தான். இயந்திரம் முக்கியது. வேர் முக்கவில்லை. இன்னும் இழுத்தான். டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் மண்ணைவிட்டு மெல்ல எழும்பின. யாராவது புத்தியுள்ளவன் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பான். காசிமாயனுக்கு அது டிராக்டர் உற்சாகத்தில் துள்ளுவதாகப் பட்டது. "பாத்தியாடா, ரோசம் வந்திருச்சு!" என்று கத்திக்கொண்டே குச்சியை அடிவரை இழுத்தான்.

மடார் என்று ஒரு சத்தம். முன்சக்கரம் தொப்பென்று விழுந்தது. தும்பிக்கை முழங்கையில் முறிந்து, தோலில் தொங்குகிற எலும்பு மாதிரி ஒரு பக்கமாகத் தொங்கியது. உடைந்த குழாயிலிருந்து எண்ணெய் பீச்சியடித்துக் காசிமாயனின் சட்டை, மீசை, வாய் எல்லாவற்றையும் நனைத்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். தும்பிக்கையே போனதை யாரும் சொன்னதில்லை.

புழுதி அடங்கியது. தூர் இருந்த இடத்தில் இருந்தது.

மொக்கையன் எழுந்து வந்து, முறிந்த கையைப் பார்த்தான், தூரைப் பார்த்தான், காசிமாயனைப் பார்த்தான். "அண்ணே, தூரு ஒரு இம்மிகூட அசையலண்ணே."

"தெரியுதுடா."

"கன்னையண்ணன் வெள்ளிக்கிழம வர்றாரு."

"அதுவும் தெரியும்டா."

"எப்படிண்ணே இம்புட்டு இரும்பு முறியும்? புளியமரத்துல முனி குடியிருக்கும்பாங்க. மரத்த வெட்டுனாலும் வேருல இருக்குமோ என்னமோ."

மொக்கையன் யோசிக்காமல் சொன்ன பேச்சு அது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் கூடத்தின் மேல் பழி போட்டவளுக்குக்கூடக் காசிமாயனுக்குப் பட்ட மாதிரி அவ்வளவு வெளிச்சமாக வழி தெரிந்திருக்காது. வாயிலிருந்த எண்ணெயைத் துப்பினான். கண்ணை அகல விரித்தான்.

"மொக்கையா, அதத்தான் எனக்குச் சொல்ல வாய் வரல. நீ பாக்கல? வெள்ள வேட்டி கட்டி, பனைமரம் ஒசரத்துக்கு ஒரு உருவம். ஒரே தட்டு. தட்டி முறிச்சுப்புட்டு உள்ள போயிருச்சு."

"ஐயய்யோ! நான் வரப்புலதான இருந்தேன்?"

"உன் கண்ணுல படக் கூடாதுன்னு இருந்திருக்கும். இல்லாட்டி உன்னையும் ஒரு தட்டு தட்டியிருக்கும்."

மொக்கையன் அங்கே நிற்கவில்லை. அவன் ஓடி ஊருக்குள் போய்ச் சேருவதற்குள் முனிக்குக் கையில் அரிவாளும், தலையில் முண்டாசும், பின்னால் ரெண்டு வேட்டை நாயும் சேர்ந்துவிட்டன.

வீட்டில் சோலையம்மாள் கேள்வி கேட்டாள். நாலே கேள்விதான்.

"முனி எந்தப் பக்கம் நின்னாரு?"

"மேக்க."

"எங்கப்பன் மரத்த வெட்டறப்ப அவரு எங்க போயிருந்தாரு?"

காசிமாயன் மீசையில் மிஞ்சியிருந்த எண்ணெயைத் துடைத்தான். "ஊருக்குப் போயிருப்பாரு."

"வாய்க்கா தோண்டுனதுக்குத்தான் அவருக்குக் கோவமா, தூருல கை வச்சதுக்கா?"

"வாய்... தூ... ரெண்டுக்கும் சேத்து."

"உங்க வாயில எண்ணெய் வாசம் அடிக்குதே?"

"பயத்துல."

சோலையம்மாள் எழுந்து நிலத்துக்குப் போனாள். வாளியின் பல் வேரில் மாட்டியிருந்ததைக் குனிந்து பார்த்தாள். முன்சக்கரம் எழும்பி விழுந்த பள்ளத்தைப் பார்த்தாள். எண்ணெய் ஊறின மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தாள். காசிமாயன் பத்தடி தள்ளி, பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி நின்றான். அவள் திரும்பி வந்து, சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு கைகூப்பினாள்.

"முனிதான். சந்தேகமே இல்ல. வெள்ளிக்கிழம அண்ணன் வர்றப்ப பூசை போட்டுருவோம்."

காசிமாயனுக்கு நம்ப முடியவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவன் சொன்ன எதையும் அவள் இப்படி ஒரே மூச்சில் நம்பினதில்லை. அன்று அவன் ஒரு சட்டி சோறு கூடுதலாகத் தின்றான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எட்டு நாள் வேண்டாம், வெள்ளிக்கிழமை தாண்டினால் போதும் என்று இருந்தது அவனுக்கு.

வெள்ளிக்கிழமை தூருக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாகிவிட்டது. வேப்பிலை கட்டியாயிற்று. ஒரு சேவல், ஒரு கட்டுச் சுருட்டு, பொரிகடலை. முனிக்குப் படைத்தது போக மிஞ்சுகிற சுருட்டில் தனக்கு எவ்வளவு கிடைக்கும் என்று காசிமாயன் மனசுக்குள் பங்கு பிரித்துக்கொண்டிருந்தான். உடுக்கு கிடைக்காததால் மொக்கையன் ஒரு தகர டின்னைத் தட்டினான். கன்னையன் வந்து, முறிந்த தும்பிக்கையைப் பார்த்து முகம் கறுத்து, "மாப்ளே..." என்று ஆரம்பித்தான்.

அந்த நிமிஷத்தில் சோலையம்மாளுக்குச் சாமி வந்துவிட்டது.

முதலில் தோள் குலுங்கியது. பிறகு கொண்டை அவிழ்ந்தது. "ஏய்ய்ய்!" என்று ஒரு சத்தம் போட்டாள். டின் தட்டிக்கொண்டிருந்த மொக்கையன் டின்னைப் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனான்.

"எவன்டா அவன், என் வேருல இரும்பு மிஷின விட்டவன்?"

கூட்டம் காசிமாயனைப் பார்த்தது. காசிமாயன் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான்.

கன்னையன் கைகூப்பி, "சாமி, தெரியாம செஞ்சுட்டாரு. மன்னிக்கணும்" என்றான்.

"தெரியாமயா? சித்திரையில இருந்து நான் காத்துக் கெடக்கேன், கடப்பாரையோட வருவான், பக்குவமா என்னயத் தோண்டி எடுப்பான்னு. இவன் சீட்டாடப் போயிட்டான்டா!"

காசிமாயன் மொக்கையனைத் திரும்பிப் பார்த்தான். முனிக்கு எப்படிச் சீட்டு விஷயம் தெரியும்?

"சாமி என்ன செய்யணும், உத்தரவு குடுங்க" என்றான் கன்னையன்.

"மிஷினு வாசம் எனக்கு ஆகாது. இவன் கையால தோண்டணும். நாலு தூரும் தோண்டணும். வேற ஆளு தொட்டா ரத்தம் கக்கிச் சாவான்."

உதவிக்கு வரலாமா என்று அரைமனசாக இருந்த மொக்கையன், அந்தக் கணமே அந்த யோசனையைக் கைவிட்டான்.

"மத்தியானத் தூக்கம் கூடாது. சீட்டு கூடாது. கூரை எரவாணத்துல ஒளிச்சு வச்சிருக்கானே புகையில, அதுவும் கூடாது."

"சாமி!" என்றான் காசிமாயன், தன்னையறியாமல்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல சாமி."

"மிஷினு கைய நான்தான் முறிச்சேன். குடுத்தவன் இவன் மேல கோவப்படக் கூடாது. மொத வெட்டு வாழத்தாரு அம்புட்டும் குடுத்தவனுக்குப் போகணும்." அவள் கன்னையனுக்கு ஒரு பிடி விபூதி அள்ளிப் பூசினாள். கன்னையன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். உதடு துடித்தது. மச்சானுக்கு இவ்வளவு பக்தியா என்று காசிமாயன் ஆச்சரியப்பட்டான்.

பிறகு அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. மலைப்பக்கம் ஒரு கையைக் காட்டினாள். "இந்த வருசம் இந்தக் குடும்பம் அங்கிட்டுப் போகக் கூடாது. பச்சப்புள்ள குளிர்ல நடுங்கக் கூடாது. இந்த மண்ணு இவுகளுக்குச் சோறு போடும். நான் போட வைக்கிறேன்."

அதைக் கேட்டபோது, இத்தனை பொய்க்கும் காரணமான காசிமாயனே கன்னத்தில் போட்டுக்கொண்டான். கற்பூரம் காட்டினார்கள். சோலையம்மாள் சுருண்டு விழுந்தாள். சாமி மலையேறிவிட்டது. இந்த வருசம் அந்தக் குடும்பத்தில் மலையேறியது அது ஒன்றுதான்.

மிஞ்சின சுருட்டை, புகையிலை கூடாது என்ற முனி உத்தரவுப்படி, கன்னையன் எடுத்துக்கொண்டு போனான். டிராக்டரை மதுரைக்குக் கொண்டுபோய் முறிந்த கையை ஒட்டவைத்துக்கொண்டான். காசிமாயன் மேல் ஒரு சொல் கோபப்படவில்லை. அந்த மட்டும் பிழைத்தோம் என்று காசிமாயன் கடப்பாரையை எடுத்தான்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் கதைதான். காலையில் போனால் பொழுது இறங்கித்தான் வீடு. சுற்றிலும் பள்ளம் எடுக்க வேண்டும். பக்கவேரைக் கோடாலியால் துண்டு போட வேண்டும். ஆணிவேரைத் தேடிப் பூமிக்குள் இறங்க வேண்டும். மத்தியானம் சோலையம்மாள் கஞ்சிக்கலயத்தோடும் பேச்சியோடும் வந்து, வெட்டாத தூர் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொள்வாள். அவன் கண் லேசாகச் சொக்கினால் போதும்.

"பேச்சி, முனி பாக்குறாருன்னு அப்பாட்டச் சொல்லு."

ஒரு நாள் பள்ளத்துக்குள் நின்றுகொண்டு மெல்ல ஆழம் பார்த்தான்.

"ஏ சோலை. ஒருவேள அன்னைக்கு நான் பாத்தது முனியா இல்லாம... வெயில்ல கண்ணு இருட்டிக்கிட்டு..."

"அப்படியா? அப்ப கை எப்படி முறிஞ்சதுன்னு அண்ணனுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

"இல்ல இல்ல. முனிதான். இப்ப நல்லா ஞாபகம் வருது. மீசைகூட இருந்துச்சு."

"அதான பாத்தேன். கஞ்சியக் குடிச்சுட்டு வெரசாத் தோண்டுங்க."

ஒன்று சொல்ல வேண்டும். முதல் தூர் அவனைப் படாத பாடு படுத்தியது. இரண்டாவது கொஞ்சம் வழிக்கு வந்தது. மூன்றாவதைத் தோண்டும்போது அவனுக்கே எந்த வேரை முதலில் வெட்டினால் தூர் எந்தப் பக்கம் சாயும் என்று பிடிபட்டுவிட்டது. கை காய்த்தது. வயிறு உள்ளே போனது. புகையிலை இல்லாததால் சோறு ருசித்தது. தும்பிக்கையை முறித்த அந்தப் பெரிய தூர் கடைசியில் ஒரு சாயங்காலம் முனகிக்கொண்டே சாய்ந்தபோது, காசிமாயன் பள்ளத்தில் நின்று ஒரு கூச்சல் போட்டான். பேச்சி கைதட்டினாள். சோலையம்மாள் ஓடிவந்து, முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். நடு நிலத்தில், நாலு பேர் பார்க்க. காசிமாயனுக்கு வெட்கம் தாங்கவில்லை. சந்தோஷமும் தாங்கவில்லை.

தூர்க்கட்டைகளும் வீண்போகவில்லை. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் நின்று எரிகிற விறகுதான் கேட்பார்கள். புளியந்தூர் ஒன்று போட்டால் விடிய விடிய கணகணவென்று கிடக்கும். அவர்கள் வண்டி வந்து தூரை ஏற்றிப் போயிற்று. திரும்பி வரும்போது அதே வண்டியில் வாழைக்கன்று வந்து இறங்கியது. அந்த ஏற்பாட்டைச் சோலையம்மாள் ஆடி மாசமே ஸ்டோர்க்காரரிடம் பேசி வைத்திருந்தாள் என்பது காசிமாயனுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆடியிலேயே எப்படி என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

ஆயுத பூசை முடிந்து கங்காணி வந்தான். "என்னப்பா காசிமாயா, பேர் குடுக்கல?"

காசிமாயன் புதிதாக உழுத மண்ணில் நின்று, கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான். இத்தனை வருசத்தில் கங்காணி முன்னால் அவன் நிமிர்ந்து நின்றது அதுதான் முதல் தடவை. "இல்லண்ணே. முனி உத்தரவு இல்ல" என்றான்.

கங்காணி மலையேறிப் போய்விட்டான். பேச்சி வரப்பில் ஓடிக்கொண்டிருந்தாள். இருமலே இல்லை.

ஐப்பசி பிறந்து முதல் மழை பெய்து ஓய்ந்த காலையில், புருசனும் பொண்டாட்டியும் நிலத்துக்கு வந்தார்கள். வாழைக்கன்றெல்லாம் குருத்து விட்டிருந்தன. குரங்கணி மலையில் மேகம் பாதி இறங்கியிருந்தது. காசிமாயன் வளைத்து வளைத்துத் தோண்டிய அந்த வாய்க்காலில் தண்ணீர் வளைந்து வளைந்தே ஓடியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. நிறைந்த மனசோடு கேட்டான்.

"சோலை, நெசமாச் சொல்லு. அன்னைக்கு உனக்கு உண்மையிலயே சாமி வந்துச்சா?"

அவள் ஒரு கன்றுக்கு மண் அணைத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க முனியப் பாத்தது உண்மைன்னா, எனக்கு வந்ததும் உண்மைதான்."

காசிமாயன் இதை முன்பக்கம் திருப்பிப் பார்த்தான், பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். எந்தப் பக்கம் திருப்பினாலும் மாட்டிக்கொண்டிருப்பது தான்தான் என்று தெரிந்தது. சரி, போனது போகட்டும், தூர் வந்துவிட்டது, வாழை வந்துவிட்டது, இனி எஞ்சிய காலம் நிம்மதி என்று பெருமூச்சு விட்டான்.

"ஆனா ஒண்ணு" என்றாள் சோலையம்மாள். "விடிகாலையில கனவுல வந்தாரு. மேக்கு மூலையில தண்ணி இருக்காம். கோடைக்குள்ள ஒரு கெணறு வெட்டிரச் சொல்றாரு."

காசிமாயன் கண்ணில் ஒரு மின்னல். "அதுக்கென்ன, வெட்டிருவோம். மச்சான் டிராக்டருக்குத்தான் கை ஒட்டியாச்சே. முனிகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு."

"நீங்க கேப்பீகன்னு கனவுலயே கேட்டுட்டேன்" என்று சோலையம்மாள் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "அவருக்கு மிஷினு வாசம் இன்னும் ஆகலையாம்."